பிரசங்க மேடைக்கு அடியில் நின்ற தண்ணீர்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே, தேயிலைச் சரிவின் நடுவில் நிற்கும் எங்கள் பாப்டிஸ்ட் ஜெப வீட்டில், பிரசங்க மேடைக்குப் பின்னால் உள்ள சுவர் பல ஆண்டுகளாக நனைந்தே இருந்தது. வெள்ளையடித்த மூன்றாம் மாதமே உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, மேடைப் பலகையின் மேல் மாவாகக் கிடக்கும். கூரை ஒழுகுகிறது என்று எண்ணி ஒரு முறை ஓடு மாற்றினோம். வெளிச்சுவர் மழையைக் குடிக்கிறது என்று எண்ணி ஒரு முறை சிமெண்ட் பூசினோம். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற ஒரு வண்ணத்தை உட்புறத்தில் ஒரு முறை அடித்தோம். ஒவ்வொரு செலவுக்குப் பிறகும் ஓதம் இன்னும் ஒரு சாண் ஏறியதே தவிரக் குறையவில்லை. கடந்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை நாங்கள் செய்த வேலையின் பதிவு இது. நான் 30 ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன்; ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் சிமெண்டோடு கழிந்தவை என்பதால், சுண்ணாம்பு வேலையைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனாரிடம் புதிதாகக் கற்றுக்கொண்டே இதில் இறங்கினேன்.

கட்டடத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் கோளாறு இருந்த இடம் அந்த அமைப்பிலேயே அடங்கியிருந்தது. உதகையில் 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1830-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தைப் பார்த்தவர்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்த உத்திரங்களையும், கோபுரத்தையும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும், கோடியில் உள்ள பலிபீடத்தையும் நினைவில் வைத்திருப்பார்கள். எங்கள் கட்டடத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரே கூடம், இருபுறமும் மும்மூன்று சாதாரணக் கண்ணாடிச் சன்னல்கள், முன்னால் ஒரு சிறு முகப்புத் தாழ்வாரம், மேலே மங்களூர் ஓடு. கூடத்தின் கோடியில் இரண்டரை அடி உயர மர மேடை; அதன் நடுவில் பிரசங்க பீடம்; அதற்கு முன்னால், சபையாரின் தளத்திலேயே, கர்த்தருடைய பந்திக்கான மேசை. வேதம் வாசிக்கப்படுவதும் பிரசங்கிக்கப்படுவதும் எல்லோருக்கும் கேட்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் கணக்கு. அதில் எளிமை உண்டு; அந்த எளிமை பணமில்லாததால் மட்டும் வந்ததன்று என்பது என் உறுதியான எண்ணம்.

மேடைப் பலகைகளுக்குக் கீழேதான் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்கிறவரை முழுவதும் தண்ணீரில் ஆழ்த்தி எடுப்பார்கள். மூழ்குவது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதற்கும், எழுவது அவரோடு உயிர்த்தெழுவதற்கும் அடையாளம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதை ஆறுகளிலும் ஓடைகளிலும் செய்தார்கள். பிறகு ஜெப வீட்டின் தரைக்குள்ளேயே தொட்டி கட்டும் வழக்கம் வந்தது. டூக்ஸ்பரி என்ற ஊரின் பழைய பாப்டிஸ்ட் சிற்றாலயத்தில் அப்படி ஒரு தொட்டி பிரசங்க பீடத்துக்கு முன்னால் இன்றும் இருக்கிறது. நம் பக்கத்தில் ஆறு கிடைத்த இடத்தில் ஆற்றுக்கே போனார்கள். 1878 ஜூலை 3 அன்று ஓங்கோல் அருகே குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஒரே நாளில் முழுக்கு எடுத்தது பாப்டிஸ்டுகள் அனைவரும் அறிந்த செய்தி. மலைச்சரிவில் அத்தகைய ஆறு ஏது? இங்கே தண்ணீரைத் தேக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே எங்கள் முன்னோர் 8 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி ஆழத்தில் செங்கல்லால் தொட்டி கட்டி, இறங்குவதற்கு 8 அங்குல உயரப் படிகள் அமைத்து, மற்ற நாட்களில் பலகையால் மூடிவைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் அது திறக்கப்படும்.

கட்டடத்தின் வயதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் சுவரில் இல்லை. ஓடுகளில் 1865 என்று அச்சிட்டிருப்பதால் அதுவே ஆலயம் கட்டிய ஆண்டு என்று இளைஞர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷனரிச் சங்கமான பாசல் மிஷன் மங்களூரில் தன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த ஓடுகளிலும் அதே எண்ணைப் பதித்தார்கள். ஆனாலும் ஓடு வேறொரு விதத்தில் சாட்சி சொல்கிறது. முதல் உலகப்போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறின. எங்கள் கூடத்தின் பழைய ஓடுகள் எல்லாவற்றிலும் பாசல் மிஷன் பெயரும், முகப்புத் தாழ்வாரத்து ஓடுகளில் காமன்வெல்த் பெயரும் இருப்பதால், கூடம் முந்தியது, தாழ்வாரம் பிந்தியது என்று கொள்ளலாம். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-இல். அதற்கு முன் ஒவ்வோர் ஓடும் மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏறி வந்திருக்க வேண்டும். உடையாத ஓட்டை ஒருபோதும் எறியாதீர்கள் என்று வேலையாட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். சபையின் வரலாறும் ஓடுகளைப் போலவே இரண்டு அடுக்கு கொண்டது. இன்று ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். ஜேம்ஸ் சேட்டர் என்ற மிஷனரி 1812-இல் கொழும்பில் தொடங்கிய பாப்டிஸ்ட் ஊழியத்தின் தொடர்ச்சியைச் சிலர் தங்களோடு கொண்டுவந்தார்கள். முழுக்குத் தொட்டியோடு ஒரு ஜெப வீடு இங்கே இருப்பதைக் கண்டபோது தம் தாயார் அழுதுவிட்டதாக ஒரு மூப்பர் என்னிடம் சொன்னார்.

அந்த மூப்பர்தான் எனக்கு முதல் தடயத்தையும் தந்தார். "தம்பி, கார்த்திகை மழையிலே நாங்க நிரப்பாமலே தொட்டியிலே தண்ணி நிக்கும். அடியிலே ஊத்து இருக்குதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். முன்பெல்லாம் கணுக்கால் அளவுகூட நிற்காது என்றும், 2009 நவம்பர் மழையில் பின்மேடு சரிந்த பிறகே முழங்கால் அளவு நிற்கிறது என்றும் சொன்னார். நீலகிரி முழுவதும் மண்சரிவில் பல உயிர்களைப் பறித்த அந்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் பின்மேட்டில் சரிந்த மண்ணை அப்போது சுவரிலிருந்து இரண்டடி தூரத்துக்கு மட்டும் வாரிவிட்டு, மீதியைச் சமப்படுத்திப் பூச்செடி வைத்துவிட்டோம். அதற்கு அடுத்த ஆண்டுதான் வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூசினோம்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மேடைப் பலகைகளைக் கழற்றினோம். பலகைகளைத் தாங்கும் ஆறு தேக்குச் சட்டங்களில் நான்கின் முனை, சுவருக்குள் புதைந்திருந்த இடத்தில், விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தது. தொட்டி அப்போது உலர்ந்திருந்தது. 39 அங்குலம் வரை நிரப்பிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். ஆவியாகிப் போவது எவ்வளவு, கசிந்து போவது எவ்வளவு என்று பிரித்தறிய இந்த வாளி தேவை. 24 மணி நேரத்தில் வாளியில் இறக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டியில் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. 40 சதுர அடிப் பரப்பில் அது ஏறத்தாழ 165 லிட்டர். பலர் இந்த இடத்தில் கலங்கிப்போய்த் தொட்டி முழுவதையும் உடைத்துப் பூசிவிடுவார்கள். அவசரப்படாமல் தண்ணீரைத் தானாக இறங்கவிட வேண்டும், அது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் ஓட்டை இருக்கும். இறக்கம் நாளுக்கு நாள் குறைந்து, ஏறக்குறைய மூன்று வாரங்களில், அடியிலிருந்து 16 அங்குல உயரத்தில் நின்றுவிட்டது. கீழிருந்து இரண்டாம் படியின் மேற்பரப்பு சுவரைத் தொடும் மூலை அது. துடைத்துப் பார்த்தபோது மயிரிழை அளவு வெடிப்பு ஒரு முழ நீளத்துக்கு ஓடியது. தொட்டிச் சுவர் பாறைமேல் நிற்கிறது, படிகளோ நிரப்பிய மண்மேல் நிற்கின்றன. இரண்டும் வெவ்வேறு அளவில் அமுங்கியதால் சேருமிடம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

ஆண்டில் சில நாட்களே நிரம்பும் தொட்டியின் கசிவால் மட்டும் ஒரு சுவர் ஆண்டு முழுவதும் நனையாது. மழைக்காலத்தில் அதே வெடிப்பு வழியாக வெளித் தண்ணீர் உள்ளே வருகிறது என்பதுதான் மூப்பர் சொன்ன ஊற்றின் பொருள். ஆகவே மார்ச் தொடக்கத்தில் பின்மேட்டில், சுவரிலிருந்து நான்கடி தள்ளித் தோண்டினோம். மூன்றடி ஆழத்தில் கடப்பாரை கல்லில் பட்டது. தோண்டத் தோண்ட, இருபுறமும் கருங்கல் அடுக்கி, அடியில் பலகைக் கல் பரப்பிய ஓர் அழகான கால்வாய் வெளிப்பட்டது. மேட்டிலிருந்து ஊறி வரும் தண்ணீரைச் சுவரைத் தொடவிடாமல் மறித்து, கட்டடத்தின் மூலையைச் சுற்றிக் கீழ்ச்சரிவுக்குக் கொண்டுபோக அதைக் கட்டியிருக்கிறார்கள். தொட்டியின் வடிகுழாயும், பக்கச்சுவருக்கு அடியில் சென்று, அதே கால்வாயின் தாழ்ந்த பகுதியில்தான் விழுகிறது. மண் சரிந்தபோது அது நிரம்பி மூடிக்கொண்டது. நாங்கள் அதன் மேல் பூச்செடி வைத்தோம். அன்று மாலை அந்தக் கால்வாயின் கரையில் உட்கார்ந்திருந்தபோது, கட்டியவர்கள் இந்த மலையை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார்கள் என்ற எண்ணம் எனக்கு மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் சேர்த்துத் தந்தது. 52 அடி நீளத்தையும் ஒன்பது நாட்களில் வாரினோம். மேலே திறந்தே விட்டோம், மூடினால் மீண்டும் மறந்துவிடுவோம் என்பதற்காக.

இதற்கிடையே சுவரின் வெளிப்புறச் சிமெண்ட் பூச்சையும் உட்புறப் பூச்சையும் தரையிலிருந்து ஐந்தடி உயரம் வரை உளியால் எடுத்தோம். இந்தச் சுவர் 20 அங்குலக் கனத்தில், இந்த மலையின் சொந்தக் கல்லான சார்னோகைட்டால், மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்தில் கட்டப்பட்டது. சார்னோகைட் மிகக் கெட்டியான கல், தண்ணீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. அதனால் சுவருக்குள் போன ஈரம் முழுவதும் கல்லிடைச் சாந்தின் வழியாகத்தான் ஏற முடியும், சாந்தின் வழியாகத்தான் வெளியேறவும் முடியும். அந்த ஒரே வாசலைச் சிமெண்ட் அடைத்துவிட்டது. வெளியே போக வழியில்லாத ஈரம் உட்புறமாக, இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தைத் தேடியது. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஓதம் உயர்ந்ததற்குக் காரணம் இதுவே. பூச்சை எடுத்த இடத்தில் சாந்து ஈர மணலாகக் கையோடு வந்தது. 100 கிராம் எடுத்து, அடுப்பில் வாணலியில் உலர்த்தி, மீண்டும் நிறுத்தபோது 87 கிராம் இருந்தது. சுவரை ஆறு வாரம் திறந்தே வைத்திருந்து அதே இடத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது 95 கிராம் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் பூசத் தொடங்கினோம்.

சுண்ணாம்பைப் பிப்ரவரியிலேயே நீற்றி வைத்திருந்தோம். சுட்ட கல் சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட வேண்டுமே தவிர, சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும் என்று கொத்தனார் முதல் நாளே எச்சரித்தார். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகில் விடவில்லை. நீறியதை வலையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குழியில் ஏழு வாரம் ஊறவைத்தோம். வெண்ணெய் போலக் கரணையில் வழுக்கியது. உடைத்த கடுக்காய் 2 கிலோவும் கருப்பட்டி 1 கிலோவும் 40 லிட்டர் தண்ணீரில் 12 நாட்கள் புளிக்கவைத்து, அந்த நீரிலேயே சாந்து குழைத்தோம். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. மேற்பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஏப்ரல் நடுவில் கொத்தனார் ஊருக்குப் போயிருந்த மூன்று நாட்களில், வேலை நிற்கக் கூடாது என்று நானே ஆட்களை வைத்து வெளிப்புற இரண்டாம் பூச்சைப் போட்டுவிட்டேன். காற்றும் வெயிலும் கடுமையாக இருந்தன; அடிப்பூச்சை நனைக்காமலே பூசினோம். அவர் திரும்பி வந்து பூச்சைச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையால் தட்டியபோது, சுவர் பல இடங்களில் வெற்றுப் பானை போல ஒலித்தது. மேலெங்கும் வலைவலையாக வெடிப்பு. "சார், சிமெண்டு ஒரு நாள்ல இறுகும். சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுக் குடிச்சு மாசக் கணக்கா இறுகும். அதுக்குள்ள காய விட்டுட்டா செத்துப்போகும்" என்றார் அவர். மூன்று நாள் வேலையையும் சுரண்டி எடுத்தோம். மறுமுறை முதல் நாள் மாலையே சுவரை நனைத்து, பூசிய பின் சாக்குத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். மார்கழி, தை மாதங்களின் உறைபனியில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பதால்தான் பிப்ரவரியில் தொடங்கியிருந்தோம். கோடை வெயிலும் அதே அளவு பகை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தொட்டியின் வெடிப்புக்கு வேறு சாந்து வேண்டும், ஏனெனில் வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. நன்றாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கியைச் சேர்த்தால், அது சுண்ணாம்போடு வினைபுரிந்து நீருக்கடியிலும் இறுகும் தன்மையைத் தரும். வெடிப்பை வாய் குறுகி உள்ளே அகன்றிருக்கும்படி செதுக்கி, சுண்ணாம்பு ஒன்று, சுர்க்கி ஒன்று, மணல் இரண்டு என்ற அளவில் கலந்து, மூன்று தவணையாக அழுத்தி நிரப்பினோம். சிலர் நவீன ரசாயனப் பூச்சு அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்றார்கள். அது தவறன்று; ஆனால் படியும் சுவரும் இன்னும் சிறிது அசையக்கூடும் என்ற நிலையில், அசைவுக்குச் சற்றே இடங்கொடுக்கும் சாந்தைத்தான் நான் விரும்பினேன்.

மேடைச் சட்டங்களில் இரண்டை முழுவதுமாக மாற்றினோம். பழைய பங்களா ஒன்றை இடித்தபோது விற்பனைக்கு வந்த தேக்கு அது. மற்ற இரண்டில் உளுத்த முனையை மட்டும் அறுத்துவிட்டு, இருபுறமும் கட்டை வைத்துப் போல்ட் இறுக்கினோம். எந்த முனையையும் சுவருக்குள் புதைக்கவில்லை. சுவருக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு, தனிக் கல் தாங்கிகளின் மேல் உட்காரவைத்தோம். மேடையின் முன்பலகையில் காற்றுக்காக எட்டு துளைகள் இட்டோம். பலகைகளில் இரண்டை ஆணி அடிக்காமல் விட்டிருக்கிறோம். சபையின் உதவிக்காரர்களில் ஒருவர் மாதம் ஒரு முறை அவற்றைத் தூக்கி உள்ளே பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். கூரையில் உடைந்த ஓடுகளும் ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டங்களான ரீப்பர்களில் சிலவும் மட்டும் மாற்றப்பட்டன. கடைசியாக நீர்த்த சுண்ணாம்பு ஐந்து கை அடித்தோம்.

ஜூன் கடைசியில் தொட்டியை மீண்டும் 39 அங்குலம் வரை நிரப்பி, வாளியையும் பக்கத்தில் வைத்தோம். நான்கு நாட்களில் தொட்டியும் வாளியும் ஒரே அளவாக, ஒரு நூலுக்கும் குறைவாக இறங்கின. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் அதில் முழுக்கு எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கால்வாய் தோண்டிய இளைஞர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கால்வாய் இரவும் பகலும் ஓடியது. குறிப்பேட்டில் நவம்பர் மாதத்துக்கு எதிரே "தொட்டி உலர்ந்துள்ளது" என்று எழுதியிருக்கிறது. பீடத்துக்கு நேர் பின்னால் உள்ள சுவர் வெளுத்துவிட்டது. வடமேற்கு மூலையில் மட்டும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு இன்னும் நிறம் கறுத்திருக்கிறது. அங்கே கூரையிலிருந்து வரும் தகரத் தூம்பு சுவருக்கு மிக அருகில் முடிகிறது என்று சந்தேகிக்கிறேன். தூம்பை இரண்டடி நீட்டியிருக்கிறோம். அந்த மூலையின் மேற்பூச்சை அடுத்த மழை முடியும்வரை போடப் போவதில்லை.